கப்பல் கொண்டுவந்த ஊர்

1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அதில் 2 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம் பேர் இந்தியர். பர்மியர் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தன் நாட்டுத் தலைநகருக்கு வரும் பர்மிய விவசாயி, துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் காதில் விழும் இந்துஸ்தானியையும் தெலுங்கையும் தமிழையும் கேட்டுத் திகைத்து நின்றிருப்பார். டெலிபோனில் நம்பர் கேட்கக்கூட அங்கே இந்துஸ்தானி வேண்டியிருந்தது.

1755-இல் மன்னர் அலவுங்பயா 'பகை ஒழிந்தது' என்ற பொருளில் யாங்கோன் எனப் பெயர் சூட்டிய ஊர் இது. 1852-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், சூலே பகோடாவை நடுவில் வைத்துச் சதுரங்கக் கட்டம்போலத் தெருக்களை வெட்டினார்கள். வரைபடம் போட்டவர்களில் ஒருவர் ஃப்ரேசர். ஒரு பெரிய தெருவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. தெருக்கள் தயார். வேலைக்கு ஆள்?

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. பர்மியர்கள் ஐராவதி டெல்டாவில் காடு திருத்திக் கழனியாக்கப் போனார்கள். சொந்த நிலம் கிடைக்கும்போது மூட்டை தூக்க யார் வருவார்? அரிசி ஆலைக்கும் கப்பல்துறைக்கும் வேண்டிய கையும் தோளும் வங்காள விரிகுடாவின் இக்கரையிலிருந்து போயின. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்தவர் கங்காணி என்றால், பர்மாவுக்கு மேஸ்திரி. முன்பணம் கொடுத்துக் கப்பல் ஏற்றிவிடுவார். அந்தக் கடனை அடைப்பதற்குள் இரண்டு மூன்று அறுவடை கடந்துவிடும். போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒரே அறையில் பாய் போட இடமில்லாமல் முறை வைத்துத் தூங்கியவர்கள். 1927-இல் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கினர். அந்த ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில்கூட அவ்வளவு பேர் குடியேறவில்லை.

நம்மவர்களுக்கு ரங்கூன் என்றாலே செட்டியார்கள் நினைவுதான். மொகல் தெருவில் அவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளும் அங்கே வேலை பார்த்த பெட்டியடிப் பையன்களும் வட்டிக் கணக்கும் நம் கதைகளில் ஏராளம். ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் சொற்பம். துறைமுகத்தைத் தோளில் சுமந்தவர்கள் ஆந்திரக் கரையிலிருந்து போன தெலுங்கர்கள். 'கோரங்கி' என்று பர்மாவில் அழைக்கப்பட்டவர்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு.

1930 மே மாதம் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியரை வேலைக்கு வைத்தார்கள். பேச்சு முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும், புதியவர்களைப் போகச் சொன்னார்கள். அன்றே கலவரம் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இந்தியர். கூலியைக் குறைத்து லாபம் பார்த்த கம்பெனிகள்மீது விழுந்திருக்க வேண்டிய அடி, ஏழை தலைமேல் விழுந்தது.

அதே சமயத்தில் அரிசி விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலங்கள் செட்டியார்களிடம் போய்ச் சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 ஏக்கர் அவர்கள் கையில் இருந்தது, 1938-இல் 25. ஓடி ஓடி நிலம் வாங்கினார்கள் என்பதல்ல. பணம் திரும்பாததால் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நிலத்தை இழந்தவனுக்கு இந்த வித்தியாசம் எப்படிப் புரியும்? 1938-இல் மறுபடியும் கலவரம்.

பிறகு உலகப் போர் வந்தது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. தப்பிப் போகக் கப்பலில் இடம் வெள்ளைக்காரருக்கும் வசதிக்காரருக்கும். மற்றவர்கள் நடந்தார்கள்: அரக்கான் மலை வழியாகவும், எல்லை ஊரான தமு தாண்டி மணிப்பூர் வழியாகவும். ஏறத்தாழ 5 லட்சம் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம்.

போருக்குப்பின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஆனால் ஊர் பழைய ஊர் இல்லை. 1948-இல் விடுதலை வந்த கையோடு உள்நாட்டுப் போர். கிராமங்களிலிருந்து ஓடிவந்த பர்மியர் ரங்கூனில் குடிசை போட்டார்கள். 1958-இல் ஆட்சியை ஏற்ற ராணுவத் தளபதி நே வின் அவர்களை அப்புறப்படுத்தி, ஒக்கலாபா, தக்கேட்டா என்று புறநகர்களை எழுப்பினார். ஊரின் நடுவே இந்தியர், சுற்றிலும் பர்மியர் என்ற வளையம் அப்படி விழுந்தது.

1962-இல் அதே நே வின் ராணுவப் புரட்சி நடத்தினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நகை நட்டைக்கூட முழுதாக எடுத்துவர முடியாமல் லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள். சென்னை கடற்கரை ரயில் நிலையம் அருகே பர்மா பஜாரும், பக்கத்தில் பர்மிய நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைகளும் அவர்கள் போட்டவைதான்.

ஃப்ரேசர் தெரு இன்று பகான் பேரரசர் அனவ்ரதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1871-இல் தமிழர் கட்டிய காளி கோயில் அதே தெருவில்தான் இருக்கிறது.

தாயகம் திரும்பியவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று, 1942-இல் மக்கள் நடந்துவந்த மணிப்பூர்ப் பாதையில் எதிர்த்திசையில் கிளம்பினார்கள். எல்லையில் பர்மியக் காவல் திருப்பி அனுப்பியது. அவர்கள் மோரே என்ற எல்லைச் சிற்றூரிலேயே தங்கி, தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். அந்த ஊரிலிருந்து பார்த்தால் பர்மாவின் மலைகள் தெரியும்.

(தொடரும்)