தட்டை அடி, கூர் அடி: அமெரிக்கத் தகரப் படகின் கதை

அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் தூண்டில் போடச் சிறிய அலுமினியப் படகு வாங்குபவர் முன் பெரும்பாலும் இரண்டு வகை நிற்கும். அடி தட்டையாக, முன்பக்கம் சதுரமாக வெட்டினாற்போல் இருப்பது ஜான் படகு. அடி இருபுறமும் சரிந்து, முன்முனையான அணியம் கூராக முடிவது ‘வி’ படகு. இரண்டையும் மக்கள் தகரப் படகு என்றே அழைக்கிறார்கள். ஆனால் இந்த வடிவங்கள் அலுமினியத்துக்கு முன்பே, மரப்பலகையில், வெவ்வேறு தண்ணீருக்காகப் பிறந்தவை.

ஜான் படகு வளர்ந்த இடம் மிசௌரி, ஆர்க்கன்சா மாநிலங்களின் ஓசார்க் மலைப்பகுதி. ஜேம்ஸ், ஒயிட் போன்ற ஆறுகளில் ஆழமான மடுவைத் தாண்டியதும் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கூழாங்கல் திட்டு வந்துவிடும். அங்கே அடியில் ஏரா என்னும் நீள்கட்டை வைத்த படகு தட்டி நிற்கும். தட்டை அடி வழுக்கிக்கொண்டு போகும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலீனா என்ற ஊரில் ஏறி, நாள்கணக்கில் மிதந்து மீன்பிடித்து, பிரான்சன் என்ற ஊரில் இறங்கி ரயிலில் திரும்பும் பயணங்கள் அங்கே பேர்போனவை.

வடக்கே மினசோட்டாவின் கதை வேறு. அங்குள்ள மில் லாக்ஸ் ஏரி 500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. ஆனால் ஆழம் குறைவு. காற்று எழுந்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து மோதும். தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கும். கூர் அணியம் அலையைப் பிளந்துகொண்டு போகும்.

இந்த இரண்டு வடிவங்களுக்கும் அலுமினியம் வந்து சேரக் காலம் பிடித்தது. 1886-இல் ஹால், எரூ என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறைதான் அந்த உலோகத்தை மலிவாக்கியது. 1895-இல் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் ஓடிய ‘டிஃபெண்டர்’ பாய்க்கப்பலில் மேல்பகுதி அலுமினியம், அடிப்பகுதி வெண்கலம். கடல்நீரில் இரு உலோகங்களும் சேர, அலுமினியம் அரித்துப் போனது.

உண்மையான திருப்பம் போர்விமான ஆலையிலிருந்து வந்தது. 1944-இல் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன், அடிரோண்டாக் மலைகளில் கனத்த கனூவைத் தோளில் சுமந்து சலித்தார். விமானத்துக்கான தகட்டில் கனூ செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே கிரம்மன் கனூக்கள் வந்தன: தகட்டை அச்சில் இழுத்து இரு பாதிகளாக்கி, நடுவே ரிவெட் அடித்து இணைத்தவை. போர் முடிந்ததும் அலுமினியமும் ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகளும் மிஞ்சிக் கிடந்தன. 1946-இல் அலுமாகிராஃப்ட், 1948-இல் லண்ட் என மினசோட்டாவில் படகுப் பட்டறைகள் எழுந்தன.

ரிவெட் அடிப்பது இருவர் வேலை. வெளியே ஒருவர் சுத்தியால் அடிக்க, உள்ளே மற்றவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பார். ரிவெட் ஆணியின் வால் நசுங்கித் தகடுகளைக் கவ்வும். மெல்லிய தகட்டுக்கு இது பொருத்தமான இணைப்பு. படகும் எடை குறைவாக அமையும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அலை அடித்தால் ரிவெட் தளரும். பழைய படகு வாங்குபவர்கள் படகை வண்டியில் ஏற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது இதனால்தான்.

ரிவெட்டுக்கு மாற்றான வெல்டிங் தாமதமாக வந்ததற்கும் காரணம் உண்டு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன்மேல் படியும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். 1940-களில் மந்த வாயுவைப் பாய்ச்சிப் பற்றவைக்கும் முறை அந்தத் தடையை உடைத்தது. வெல்டிங் படகுக்குத் தடித்த தகடு வேண்டும். எடையும் விலையும் கூடும். பாறையில் உரசியே ஓட வேண்டிய ஆற்றில் அந்தத் தடிப்புக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

ஓசார்க் ஆறுகளும் அப்படியே இருக்கவில்லை. 1958-இல் முடிந்த டேபிள் ராக் அணை ஒயிட் ஆற்றின் நீண்ட பகுதியை அகன்ற ஏரியாக்கியது. மிதந்து போன இடத்தில் மோட்டார் தேவைப்பட்டது, படகும் அகலமானது. அதே மிசௌரியில் 1978-இல் ஜானி மோரிஸ் என்ற வணிகர் ‘பாஸ் டிராக்கர்’ என்ற அலுமினியப் படகை மோட்டார், இழுவண்டி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கத் தொடங்கினார். இன்றைய ஜான் படகுகள் பலவற்றில் அணியத்தின் கீழ் மட்டும் லேசான ‘வி’ சரிவு உண்டு. பின்முனையான அமரத்தை நெருங்கும்போது அடி மறுபடி தட்டையாகிவிடும்.