வேட்புமனுவும் ஊர்க்கட்டுப்பாடும்: ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் உரிமை

வாக்களிப்பது மறைவில் நடக்கும் செயல். வேட்புமனு தாக்கல் செய்வது ஊரறிய நடக்கும் செயல். வாக்காளரைக் காப்பதற்கு மறைவு இருக்கிறது. வேட்பாளரைக் காப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளாட்சி மக்களாட்சியின் உரைகல் வாக்குப்பெட்டி அன்று, வேட்புமனுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலக்கல் தேர்வுக்கு முன்பே நடந்துவிடுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஓலை எடுப்பதில் பாகுபாடு இல்லை. ஆனால் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயரே குடத்துக்குள் போனது. மற்றவர்களின் விதி குடத்துக்கு வெளியிலேயே முடிந்தது.

அந்த வாசலைத் திறந்தது 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அதன் வழிவந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பிய வாக்காளர் போட்டியிடலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கான வைப்புத்தொகை 600 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 300 ரூபாய். சட்டம் கேட்கும் விலை இவ்வளவே.

ஊர் கேட்கும் விலை வேறு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கு ஆளான வேட்பாளர்கள் மனுக்களைத் திரும்பப் பெற்றனர்; தேர்தல் தடைபட்டது. பின்னர் காவல்துறைப் பாதுகாப்புடன் நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30 அன்று, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் உடன் வந்தவர்களில் சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டுக்கான எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. அங்கே மனு தாக்கல் செய்ய ஆளில்லாமல் போகும். இல்லையேல் ஆதிக்க சாதியினர் தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, பதவியேற்ற கையோடு விலகவைப்பார்கள். சட்டம் ஓரிடத்திலும் வெளிப்படையாக மீறப்படவில்லை. மனு, வெற்றி, பதவிப்பிரமாணம், விலகல் கடிதம் என எல்லாம் முறைப்படியே நடந்தன; பதவி மட்டும் காலியாகவே கிடந்தது. பத்தாண்டு நீடித்த இந்த முடக்கம் 2006இல்தான் உடைந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் மக்களோடு திரும்பத் திரும்பப் பேசியது. அரசு உறுதியாக நின்றது. வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

ஊர் ஒற்றுமைக்காக ஒருவரைப் பேசி முடிப்பதில் தவறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. போட்டியின்றித் தேர்ந்தெடுக்கும் ஊர்களுக்குக் குஜராத் அரசு ‘சமரஸ்’ திட்டத்தின்கீழ் ஊக்கத்தொகையே தருகிறது. செலவும் பகையும் மிச்சமாகும் என்ற வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் போட்டியிட முடிந்தவர் விட்டுக்கொடுத்தால்தான் அது ஒற்றுமை. யாருடைய வயலில் கூலிக்குப் போகிறாரோ, யாருடைய கடையில் கடன் வைத்திருக்கிறாரோ அவரை எதிர்த்து மனு போட முடியாதவரின் மௌனம் ஒற்றுமை ஆகாது. ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. கட்சிப் பூசல் ஊருக்குள் வரக்கூடாது என்ற நோக்கம் நல்லதே. எனினும் ஊரில் வலுவற்றவருக்கு வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய துணையையும் அது குறைத்துவிடுகிறது.

எனவே பாதுகாப்பு வாக்குப்பதிவு நாளில் தொடங்கினால் போதாது. பதற்றம் மிக்க ஊராட்சிகளில் மனுவைத் திரும்பப் பெற வருபவரைத் தேர்தல் அலுவலர் தனியே சந்தித்து, அவர் முடிவு அவருடையதுதானா என்று கேட்டறிய வேண்டும். பதவியேற்றவுடன் வரும் விலகல் கடிதத்தை விசாரணையின்றி ஏற்கக்கூடாது. வென்றவருக்கான காவல் வெற்றிச் சான்றிதழோடு முடிந்துவிடவும் கூடாது. முருகேசன் கொல்லப்பட்டது வாக்குச்சாவடியில் அன்று, தலைவரான பிறகு.

ஓர் ஊராட்சியில் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைக் கணக்கிடுகிறோம். மனு போட நினைத்தும் போடாமல் வீடு திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்கள் திரும்பிப் போனதற்கான காரணத்தைத் தேடுவதே உள்ளாட்சி ஆய்வின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.