இகுவானாவும் இல்லமும்

மனிதன் பிற உயிர்களைத் தன் இல்லத்தில் சேர்த்துக்கொண்ட வரலாறு மிகப் பழமையானது. நாய் அவனுடன் வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்பர் ஆராய்ச்சியாளர். சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், ஒரு மனிதருடைய எலும்புகளின் அருகே ஒரு பூனையின் எலும்புகளும் காணப்பட்டன. நாயும் பூனையும் தலைமுறை தலைமுறையாக மனிதனுடைய குரலுக்கும் அடுப்பங்கரைக்கும் பழகிவிட்டவை. ஆனால் அண்மைக் காலத்தில் சிலர் இல்லங்களில் இவற்றோடு ஒரு புதிய பிராணியும் இடம் பெற்றிருக்கிறது. அதுதான் இகுவானா. அது மனிதன் கைக்கு வந்த கதையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுதல் நலம். இகுவானாவைப் படத்தில் காணும் நம் மாணவர் பலர் அதனை உடும்பு என்றே கருதுவர். உடும்பு நம் நாட்டுப் பிராணி, ஊன் உண்பது. பச்சை இகுவானாவோ மெக்சிகோ முதல் பிரேசில் வரையுள்ள வெப்பக் காடுகளில் மரக்கிளைகளில் வாழ்வது. இலை, பூ, பழம் ஆகியவற்றை உண்பது. முட்டையிலிருந்து வெளிவரும்போது கையில் அடங்கும் அந்தச் சிறு குஞ்சு, வளர்ந்தபின் வால் உட்பட ஐந்து ஆறு அடி நீளம் இருக்கும். முதுகு நெடுகச் சீப்புப் பற்கள் போன்ற முட்களும், தாடையின் கீழ்த் தொங்கும் தோலும் அதற்கு அச்சந்தரும் தோற்றத்தை அளிக்கின்றன. இகுவானா என்னும் பெயர் கரீபியத் தீவுகளின் தொல்குடியினரான டைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் பெற்றது.

அந்த ஸ்பானியருள் ஒருவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் தே ஒவியேதோ. 1478-இல் மாட்ரிட் நகரில் பிறந்த அவர், 1514-இல் முதன்முறையாகப் புதிய உலகம் சென்றார். அங்கே கண்ட மரம், செடி, விலங்கு, மக்கள் அனைத்தையும் பற்றி எழுதினார். அவருடைய சுருக்க நூல் 1526-இலும், பெருநூலின் முதற்பகுதி 1535-இலும் வெளிவந்தன. இகுவானா அவரை மிகவும் திகைக்க வைத்தது. தரையிலும் மரத்திலும் திரிகிறது, நீரிலும் நீந்துகிறது. இதனை இறைச்சி என்பதா, மீன் என்பதா? நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கப்பட்ட சமயத்தாருக்கு இது சிறிய கேள்வி அன்று.

அவர் இகுவானாக்களைப் பிடித்து வந்து வீட்டில் கட்டி வைத்துப் பார்த்தார். பல நாள் ஒன்றும் உண்ணாமலே அவை உயிரோடிருந்தன. அவை மண்ணைத் தின்று வாழ்வன என்று சிலர் கூறினர். வெனிஸ் நகரில் வாழ்ந்த அறிஞர் ராமுசியோ அவருடைய நண்பர். அவருக்கு ஓர் இகுவானாவை உயிரோடு அனுப்ப விரும்பிய ஒவியேதோ, வழியில் அதற்கு உணவாகட்டும் என்று ஒரு பீப்பாய் நிறைய மண்ணையும் சேர்த்து அனுப்பினார். அந்தப் பிராணி வெனிஸைக் காணவில்லை, வழியிலேயே மாண்டது.

ஒவியேதோ கொடியவர் அல்லர். உணவின்றி அனுப்பலாகாது என்று எண்ணிய பரிவு அவரிடம் இருந்தது. அந்தப் பரிவுக்குத் துணையாக அறிவு இல்லை. குளிர் இரத்தப் பிராணிகள் உணவின்றி நெடுநாள் உயிர் தாங்கும். அதனால் அவற்றுக்குப் பசியில்லை என்று ஆகிவிடாது. இந்த உண்மை அந்நாளில் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இதே கடலில் இன்னொரு பயணம் நடந்தது. ஹான்ஸ் ஸ்லோன் என்னும் இளம் மருத்துவர், ஜமைக்கா தீவின் ஆளுநரான ஆல்பமார்ல் பிரபுவுக்கு மருத்துவராக 1687-இல் அங்குச் சென்றார். பிரபு மறுவருடமே இறந்துவிட்டார். 1689-இல் சீமாட்டியின் பரிவாரத்துடன் ஸ்லோன் கப்பலேறியபோது, உலர்த்திய செடிகள் பலவற்றோடு உயிருள்ள மூன்று பிராணிகளும் அவருடன் சென்றன. ஒன்று ஏழடி நீளமுள்ள மஞ்சள் பாம்பு, ஒன்று முதலை, மற்றொன்று இகுவானா.

பாம்பை அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த ஒருவர் பழக்கி வைத்திருந்தார். நாய் எஜமானைத் தொடர்வது போல் அது அவரைத் தொடருமாம். ஸ்லோன் கைக்கு வந்தபின் அது ஒரு பெரிய மண்சாடியில் அடைக்கப்பட்டது. ஒரு நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, சீமாட்டியின் பணியாட்கள் படுத்துறங்கும் இடத்தின் மேல் ஏறிவிட்டது. அஞ்சிய பணியாட்கள் அதனைச் சுட்டுக் கொன்றனர். முதலை உப்புநீர்த் தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது; மே மாதம் 14-ஆம் நாள் அது இறந்தது. இகுவானாவோ கப்பலின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தபோது, மாலுமி ஒருவன் அதனை வெருட்ட, கடலில் பாய்ந்து மூழ்கிற்று. மூன்றில் ஒன்றுகூட உயிரோடு லண்டன் சேரவில்லை. பின்னாளில் ஸ்லோனின் சேகரிப்பிலிருந்தே 1753-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பிறந்தது. உலர்ந்த செடியை அழியாமல் காக்க அவருக்குத் தெரிந்திருந்தது. உயிருள்ள பிராணிகளைக் காக்கும் வழி அவருக்கும் அகப்படவில்லை.

அந்த இகுவானா ஏன் கடலில் பாய்ந்தது? காட்டில் ஆற்றங்கரை மரங்களில் வாழும் இகுவானா, பகை கண்டால் கிளையிலிருந்து நீரில் குதித்துத் தப்புவது வழக்கம். அதன் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் சிறிய மூன்றாம் கண் ஒன்று உண்டு. அது உருவங்களைக் காணாது. ஆயினும், மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்து வருகிறது என்று பிராணிக்கு எச்சரிக்கை செய்யும். ஆகவே அன்போடு தடவ நினைத்து மேலிருந்து கையை நீட்டுகிறவனும் இகுவானாவின் கணக்கில் ஒரு பருந்துதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இகுவானா வாணிகப் பொருளாயிற்று. 1977-ஆம் ஆண்டிலேயே அதன் வாணிகம் உலக நாடுகளின் உடன்படிக்கையால் ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டது. எனினும் 1990-களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு மட்டும் இலட்சக்கணக்கான குஞ்சுகள் இறக்குமதியாயின. அவற்றுள் மிகப் பல சிறு வயதிலேயே மாண்டன. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பூனைக்கும் நாய்க்கும் உரிய இறைச்சி உணவை ஊட்டினர் பலர். இலையுண்ணும் பிராணிக்கு அவ்வுணவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சாயிற்று. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் படாவிட்டால் இகுவானாவின் உடலில் டி உயிர்ச்சத்து போதிய அளவு உண்டாகாது. அதனால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. எலும்பு இளகி வளையும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதை வளர்த்தவர் பலர் அறியவில்லை. ஒவியேதோவின் மண் பீப்பாய் வேறு வடிவில் திரும்பி வந்ததென்றே நான் கருதுகிறேன்.

பிற பிராணிகள் உள்ள இல்லத்தில் இத்தொல்லை இருமடங்காகும். நாய் விளையாட்டாக ஓடி வரும். இகுவானாவுக்கு அது வேட்டை. பூனை அசையாமல் உற்று நோக்கும், அதுவும் வேட்டையே. பற்றினால் வால் அறுந்து போகலாம். சுழற்றி அடித்தால் நாயின் கண்ணே புண்படலாம். ஓடாமல் அசைவற்றிருக்கும் இகுவானாவைப் பார்த்து, இரண்டும் நட்பாகிவிட்டன என்று வீட்டார் மகிழ்வர். அந்த அசைவின்மை அச்சத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். இன்றியும், அதன் உடலில் வாழும் சால்மொனெல்லா என்னும் நுண்கிருமி மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நோய் தரக்கூடும். தனி அறை, தக்க வெப்பம், தொட்டபின் கைகழுவுதல் ஆகியவற்றுக்கு வசதியில்லாதோர் அதனை வளர்க்க எண்ணாதிருத்தலே நன்று.

வளர்க்க இயலாதோர் சிலர் அதனை வெளியே விட்டுவிட்டனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அவ்வாறு விடப்பட்டவையும் தப்பியவையும் பல்கிப் பெருகின. அங்கே கால்வாய்க் கரைகளைத் துளைத்தன, தோட்டங்களை அழித்தன. 2020 ஜனவரியில் கடுங்குளிர் வந்தபோது, விறைத்துப்போன இகுவானாக்கள் மரத்திலிருந்து விழக்கூடும் என்று அங்குள்ள வானிலை நிலையம் மக்களை எச்சரித்தது. 2021-இல் அம்மாநிலம் அதனைத் தடைசெய்யப்பட்ட பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. காட்டிலிருந்து கொணர்ந்ததும் மனிதன். வேண்டாமென்று எறிந்ததும் மனிதன். பழி மட்டும் பிராணியின் தலையில் விழுந்தது.

நம் நாட்டிலும் இந்த ஆசை பரவியுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடும்பை வளர்ப்பது குற்றம். அச்சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தின்படி, இகுவானா போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அதனை அரசினரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வரலாற்றால் என்ன பயன் என்று வகுப்பில் மாணவர் என்னைக் கேட்பதுண்டு. மன்னர் வரலாற்றுக்கு மட்டுமன்றி, ஒரு பல்லியினத்துப் பிராணியின் வரலாற்றுக்கும் பயன் உண்டு. ஒவியேதோவுக்கும் ஸ்லோனுக்கும் இகுவானாவைப் பற்றிச் சொல்லித்தர நூல்கள் இல்லை. உங்களுக்கு இருக்கின்றன. ஆகவே மாணவர்களே, எந்த உயிரையேனும் இல்லத்துக்கு அழைத்துவர விரும்பினால், அது எதை உண்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது, உங்கள் வீட்டில் முன்பே உள்ள உயிர்களோடு அதற்கு இடம் உண்டா என்று முதலில் கற்றறியுங்கள். கற்றபின், வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அதுவும் அவ்வுயிரிடத்து நீங்கள் காட்டும் அன்பேயாகும்.