அழகுப் பாசி கடலுக்குப் போன கதை

வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருப்போர் பலர், மீன்களோடு கடற்பாசிகளையும் விரும்பி வளர்க்கின்றனர். பச்சை, சிவப்பு, பழுப்பு எனப் பல நிறங்களில் உள்ள இப்பாசிகள் கண்ணுக்கு விருந்தாவதோடு, மீன்களின் கழிவால் உண்டாகும் நைட்ரேட்டை உறிஞ்சி நீரையும் தூய்மையாக வைக்கின்றன. இவற்றுள் ஒரு பாசி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியலாரை அலைக்கழித்தது. அதன் பெயர் காலெர்பா டாக்ஸிஃபோலியா.

பறவை இறகைப் போன்ற இளம்பச்சைத் தழைகள். தரையோடு படரும் கொடி போன்ற தண்டு. இவ்வளவு பெரிய உருவமும் ஒரே உயிரணுதான் என்றால் மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை! உள்ளே தடுப்புச் சுவர்கள் இல்லை, உட்கருக்களோ எண்ணற்றவை. அதிலிருந்து அறுந்து விழும் சிறு துண்டும் தனிப் பாசியாக வளரவல்லது.

வெப்பக் கடல்களில் இஃது இயல்பாகவே வளர்கிறது. ஆனால், 1980ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள வில்ஹெல்மா விலங்கியல் பூங்காவின் தொட்டிகளில் வளர்ந்த வகை, குளிரையும் தாங்கி விரைவாகத் தழைத்தது. தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பாசி வேறென்ன வேண்டும்? காட்சியகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பெற்றுக்கொள்ள, மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தையும் அது அடைந்தது.

1984இல் அந்த அருங்காட்சியகத்தின் கீழேயுள்ள கடலடியில், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் இப்பாசி காணப்பட்டது. அப்போதே கையால் பிடுங்கியிருக்கலாம். 1989இல் அது ஒரு ஹெக்டேரைக் கடந்திருந்தது. நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் மெனேஸ் எச்சரித்தார். அருங்காட்சியகத் தரப்போ அது தங்கள் தொட்டியிலிருந்து வந்ததென ஏற்கவில்லை. யார் பொறுப்பு என்ற வாக்குவாதத்திலேயே ஆண்டுகள் கழிந்தன. 1998இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கடலில் வளர்ந்ததும் தொட்டிகளில் வளர்ந்ததும் ஒரே வகை என்று காட்டியது. 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் மொனாக்கோ, பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனிசியா ஆகிய ஆறு நாடுகளின் கரையோரங்களுக்கு அது பரவிவிட்டது. (பின்னாளில் பிரான்சுக் கரையில் அது பெருமளவு குறைந்துபோனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கலிபோர்னியா வாக்குவாதம் செய்து கொண்டிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூனில் சான் டியேகோவுக்கு அருகிலுள்ள அகுவா ஹெடியோண்டா காயலில் கடற்புல்லை ஆராய்ந்த முக்குளிப்போர் இப்பாசியைக் கண்டனர். உடனே அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய்களை விரித்து, உள்ளே குளோரினைச் செலுத்தினர். 2001இல் அம்மாநிலம் ஒன்பது காலெர்பா வகைகளை விற்கவும் வைத்திருக்கவும் தடை விதித்தது. பாசி முற்றிலும் ஒழிந்தது என 2006இல் அறிவிக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 70 இலட்சம் அமெரிக்க டாலர்!

இதே காலெர்பா இனத்தைச் சேர்ந்த லாத்தோக்கைச் சபா மாநிலத்தார் பச்சையாகவே உண்கின்றனர் என்பது சுவையான செய்தி.

நம் தொட்டிப் பாசியைக் கத்தரிக்கும்போது, துண்டுகளையும் அவை கிடந்த நீரையும் வடிகாலில் கொட்டலாகாது. துண்டுகளை ஒரு பையிலிட்டு, உறைபெட்டியில் ஒரு நாளேனும் வைத்த பின்னரே குப்பையில் சேர்க்க வேண்டும்.