எட்டுத் தந்தியா, ஒற்றைத் தந்தியா? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எடுத்த முடிவு

நல்ல மாண்டலின் இரண்டு உங்கள் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மரக்கூடு வைத்த பழைய பாணி. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி. இன்னொன்றில் கூடே கிடையாது. திடமான பலகை உடம்பு, ஒற்றைத் தந்திகள், ஒரு ஒயர், அது போய்ச் சேரும் ஆம்ப்ளிஃபையர். இரண்டுமே உயர்ந்த வேலைப்பாடு. எதை எடுப்பீர்கள்?

பார்வைக்கு முதலாவதுதான் லட்சணம். ஆனால் ஆந்திராவின் பாலகொல்லில் 1969 பிப்ரவரி 28 அன்று பிறந்த உப்பலபு ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதத்துக்கு எடுத்துக்கொண்டது இரண்டாவதை. ஏன் என்று பார்த்தால் சுவாரசியமான கதை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மம்சாபுரம், ராஜபாளையம் பக்கத்திலிருந்து தென்கிழக்கே கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) அங்கே சமஸ்தான வித்வானாக இருந்தார். ஐரோப்பியர்களின் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி அவர்தான். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

மாண்டலினும் வயலினும் ஒரு வகையில் உறவுக்காரர்கள். மேற்கத்திய முறையில் இரண்டுக்கும் ஒரே சுருதி அமைப்பு. தந்தி நீளமும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் வயலினுக்குத் திறந்த கதவு மாண்டலினுக்கு ஏன் நூறு வருஷத்துக்கும் மேலாகத் திறக்கவில்லை?

காரணம் கமகம். வயலினில் மெட்டுகள் கிடையாது, விரல் வழுக்கிக்கொண்டு போகும். வில் இழுக்கும் வரை நாதம் நிற்கும். மாண்டலினில் மெட்டுகள் குறுக்கே நிற்கின்றன. மீட்டிய ஒலியோ சட்டென்று செத்துவிடும். அதனால்தான் மேற்கே ஒரே சுரத்தை வேகவேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டி நீளமாகக் கேட்க வைக்கிறார்கள். வீணையிலும் மெட்டு உண்டே என்று கேட்கலாம். அங்கே தந்தி நீளம், பக்கவாட்டில் இழுக்கலாம், நாதமும் நிற்கும். மாண்டலினில் தந்தி குட்டை, இறுக்கம் அதிகம். போதாததற்கு ஜோடித் தந்தி. இரண்டையும் ஒரே அளவில் இழுக்காவிட்டால் ஒன்றோடொன்று சுருதி சேராது.

இந்த இடத்தில் அமெரிக்காவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் என்பவரின் மேற்பார்வையில் 1922 முதல் 1924 வரை செய்த எஃப்-5 மாண்டலின்களுக்கு இன்றைக்கு லட்சம் டாலருக்கு மேல் விலை. புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்றோ நெடுங்காலம் வாசித்தது அப்படி ஒன்றைத்தான். உள்ளே ஒட்டிய சீட்டில் 1923 ஜூலை 9 என்று தேதி. அந்த இசையில் அதன் பெருமை என்ன தெரியுமா? தாளத்துக்குத் தாளம் 'சக்' என்று வெட்டினாற்போல் ஒலித்து உடனே அடங்குவது! அங்கே எது குணமோ அதுவேதான் இங்கே குற்றம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வாத்தியத்தில் ஒரு தோடி ஆலாபனை நிற்காது. (விலை வேறு, பயன் வேறு என்று பொருளாதார வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்டது இதுதான் நண்பர்களே.)

ஸ்ரீநிவாஸின் அப்பா சத்தியநாராயணா கிளாரினெட் வித்வான். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைப் பையன் கையில் எடுத்தான். குருவாக வந்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கவே தெரியாது! அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிக்க வேண்டும். முக்கியமான விஷயம் இதுதான் என்று தோன்றுகிறது. மாண்டலின்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த வாத்தியத்துக்கு எது சுலபமோ அதையே கற்றுக்கொண்டிருப்பான். இங்கே அளவுகோல் மனிதக் குரல். குரல் நீளும்போது தந்தியும் நீள வேண்டும்; குரல் அசையும்போது தந்தியும் அசைய வேண்டும்.

அதற்கு மின் மாண்டலின்தான் வழிவிட்டது. ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு தந்தியையும் சேர்த்துக்கொண்டார். மெல்ல மீட்டினாலும் நாதம் நின்றது, ஒற்றைத் தந்தி விரலுக்கு வளைந்து கொடுத்தது, சுரங்களின் எல்லையும் விரிந்தது.

இழந்ததும் உண்டு. ஜோடித் தந்தியின் மினுமினுப்பு போயிற்று, மரக்கூட்டின் கனிவும் போயிற்று. மேடையில் மின்சாரம் நின்றால் வாத்தியமும் ஊமை. 'மேல்நாட்டு வாத்தியம், அதிலும் கரண்டில் ஓடுவது, இதில் என்ன சங்கீதம்' என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது சின்ன சோதனையா?

1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981 டிசம்பர் சீசனில் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. 1983-ல், பதினான்கு வயதில், பெர்லின் ஜாஸ் விழா. 1995-ல் மைக்கேல் ப்ரூக்குடன் 'ட்ரீம்' ஆல்பம், பிறகு ஜான் மெக்லாக்லினின் ரிமெம்பர் சக்தி குழு, 1998-ல் பத்மஸ்ரீ. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மட்டும் கடைசி வரை வரவில்லை. வயது காரணமா, வாத்தியம் காரணமா என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45. அவரிடம் கற்ற தம்பி யு. ராஜேஷ் கையில் எடுத்ததும் மின் மாண்டலின்தான்.