பின்புலமும் வாக்குச் சீட்டும்

வாக்குச் சாவடிக்குள் மனிதன் தனியே நுழைகிறான்; ஆயினும் அவனுடைய தெருவும் தொழிலும் சாதியும் மார்க்கமும் உடன் நுழைகின்றன என்பர். இக்கூற்று எத்துணை உண்மை? அண்ணாமலையார் கோயில் நகரமாம் திருவண்ணாமலையின் தேர்தல் வரலாறு இதற்கு விடை பகரும்.

அன்று இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சொத்தும் படிப்பும் கேளாது வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை கிட்டிய முதற் பொதுத் தேர்தலில், வன்னியப் பெருமக்கள் பலர் தம்மவரையே நாடினர். வட ஆர்க்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும், தென் ஆர்க்காட்டில் இராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் எழுந்தன. 1952இல் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் முன்னது 6 இடங்களும் பின்னது 19 இடங்களும் பெற்றன. காங்கிரசோ 152 இடங்களுடன் பெரும்பான்மையின்றி நின்றது. நாயக்கர் இராஜாஜியின் அமைச்சரவையிலும், படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவையிலும் அமர்ந்தனர். சமூகப் பிணைப்பு கோட்டைக் கதவையே திறந்தது!

ஆனால், 1957இல் திருவண்ணாமலை மக்கள் தி.மு.கழகத்தின் ப. உ. சண்முகத்தைச் சட்டமன்றத்திற்கும், இரா. தர்மலிங்கத்தை நாடாளுமன்றத்திற்கும் அனுப்பினர். 1962இல் சட்டமன்றத் தொகுதி காங்கிரசுக்குச் சென்றது. 1963 இடைத்தேர்தலில் மீண்டும் கழகத்திடம் வந்தது. அந்த ஓராண்டில் எந்தத் தெருவின் சாதி மாறிற்று? மாறியது மக்களின் மனமன்றோ!

நம் சமுதாயத்திற்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. 1909ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தனித்தொகுதி முறையில் முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் வேட்பாளரையே தேர்ந்தனர். அம்முறை நீடிக்க வேண்டுமெனக் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார், சபை ஏற்கவில்லை. கூட்டுத் தொகுதியில், வன்னியரைப் போல் திரண்டு வெல்லும் எண்ணிக்கை நமக்குப் பெரும்பாலான ஊர்களில் இல்லை. ஆகவே பிறரோடு தோழமை கொள்ளும் வழியை அவர் மேற்கொண்டார். 1967இல் முஸ்லிம் லீக் தி.மு.கழக அணியில் நின்றது.

பின்புலம் நம்மை யார் பேச்சுக்குச் செவி சாய்க்கச் செய்யும் என்பது மெய். முடிவையும் அதுவே செய்யுமெனில் நம் வாக்கு முன்பே எண்ணி வைக்கப்பட்ட மூட்டையாகும். மூட்டையிடம் எவரும் குறை கேட்பதில்லை. வாக்கு ஓர் அமானிதம். அதை ஆராய்ந்து அளிப்பவனையே வேட்பாளர் மதிப்பார்.