கோலமாவில் விழாத மனை

தொண்ணூறுகளில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொண்டு நிறுவனப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். மக்களே தரையில் கோலமாவால் ஊர்ப்படம் போடவேண்டும். 'இந்த ஊர்ல இருக்கறதுக்கும் வேலை செய்யறதுக்கும் எதெது பிடிக்குதோ அதெல்லாம் காட்டுங்க' என்றார்கள். ஏரி, கோயில், களத்துமேடு, பள்ளிக்கூடம் எல்லாம் விழுந்தன. ஓரமாக நின்ற சேரிக் கிழவியைக் கேட்டபோது, 'பிடிச்ச எடமா? நாங்க குந்திகினு இருக்கற எடம் யார் பேர்ல இருக்குதுன்னு மொதல்ல கேளு நைனா' என்றார். பயிற்சியாளர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

கிராமத்தின் வசீகரத்தை வரைந்து காட்டும் வேலை பழையது. இந்தியக் கிராமங்கள் சின்னச்சின்னக் குடியரசுகள் என்று 1830இல் சார்லஸ் மெட்காஃப் எழுதினார். காலனிய அதிகாரி ஒருவரின் இந்தப் பிரதியையே பிறகு தேசியவாதிகள் நெஞ்சில் ஏந்திக்கொண்டார்கள் (வேடிக்கைதான்). 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அதே மெட்காஃபை எடுத்து வைத்துக்கொண்டுதான் அந்தப் புனிதத்தைப் போட்டு உடைத்தார்.

கிழவியின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1891. அந்த ஆண்டு செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை தந்தார். சேரி நின்ற மனைக்கும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையாள் கூட நெல் கேட்டால், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், 'குடிசையைக் காலி பண்ணு' என்று ஒரே வார்த்தை. வேலை கொடுக்கிறவன் கையிலேயே வாசலும் இருந்தது. உழைப்பைக் கட்டிப்போட இதைவிடக் கயிறு வேண்டியதில்லை. சேரி சனங்கள் கோலார் தங்கவயலுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனதை வெறும் பஞ்சத்தின் கணக்கில் எழுதுகிற வரலாறு இந்தக் கயிற்றைப் பார்ப்பதில்லை.

மனைக்குப் பாதுகாப்பும் உழ நிலமும் வேண்டும் என்றார் ட்ரெமென்ஹீர். 1892 அரசாணையை ஒட்டி வந்தவைதாம் பஞ்சமி நிலங்கள். அவற்றிலும் நிறைய கைமாறிப்போயின. திருப்பிக் கேட்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணைப் போராட்டத்தில் நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

பயிற்சி நடந்த அன்று மாலை கோலமாப் படத்தைச் சார்ட் பேப்பரில் பெயர்த்து எடுத்தார்கள். ஏரிக்கு நீலம், வயலுக்குப் பச்சை. சேரி ஒரு மூலையில் சின்ன வட்டமாக வந்தது. பட்டா யார் பேரில் என்று எழுத அதில் இடம் விடவில்லை.